எண்ணூறு மில்லி

காலையில் முதல் வேலை
கோடு போட்ட பாட்டிலில் எண்ணூறு மில்லி பிடிப்பது.
ராத்திரி வரைக்கும் இதுதான் எனக்குப்
புழல், செம்பரம்பாக்கம், எல்லாம்.
ஒரு டம்ளர் காபி குடித்தால்
அதே அளவைத் தொட்டியில் கொட்டிவிட வேண்டும்.
ரசத்துக்கும் கணக்கு உண்டு.
மோருக்கு ஆசைப்பட்ட நாளில்
மாத்திரையை எச்சிலில் விழுங்கியிருக்கிறேன்.

லாரித் தண்ணீருக்குத் தெருவே குடத்தோடு நின்ற
அந்தக் கோடையில்
"இத வெச்சிக்கினு எப்படிங்க பொழைக்கிறது?" என்றார்கள்.
நான் வாயைத் திறக்கவில்லை.
என் வீட்டுக்கு
ஊரே விருந்தாளியாக வந்தது போல இருந்தது.

சைதாப்பேட்டை ஸ்டேஷனில் இரண்டாம் ஜன்னல் நான்.
"தாம்பரம் ஒண்ணு", "பீச் ரெண்டு ரிட்டன்",
கையை மட்டுமே எனக்குத் தெரியும், முகம் குனிந்தால்தான்.
வெளியே இளநீர் வண்டி, தண்டபாணி.
மூன்று வருஷம் விடாமல் கேட்டார்:
"மேடம், வழுக்கையா, தண்ணியா?"
ஒரு நாள் சொல்லிவிட்டேன்,
உங்கள் இளநீர் எனக்கு விஷம் என்று.
அரிவாளைக் கீழே வைத்துவிட்டு
கொஞ்ச நேரம் காய்களையே பார்த்தார்,
ஏதோ அவர் தப்பு மாதிரி.
இப்போதெல்லாம் ஷிப்ட் முடிந்து வரும்போது
"இன்னிக்கு எவ்ளோ பாக்கி மேடம்?" என்பார்.
"இருநூத்தம்பது."
"பரவால்லியே, பணக்காரி!"

செவ்வாய், வியாழன், சனி
விடியற்காலை ஐந்தரைக்கு நாலாம் நம்பர் மெஷின்.
ஊசி குத்துவது ஜெபராணி.
குத்தும்போது அவளுக்குத்தான் கண் சுருங்கும்.
ஐந்தாம் நம்பரில் இலியாஸ் பாய்,
பர்மா பஜாரில் கடிகாரம் ரிப்பேர்.
நாலு மணி நேரமும் எங்களுக்குச் சாப்பாட்டுப் பேச்சு:
நெத்திலிக் கருவாடு, ஆம்பூர் பிரியாணி,
உப்புப் போட்ட மாங்காய்ப் பத்தை.
சாப்பிடக் கூடாததை இவ்வளவு ருசியாகப்
பேசத் தெரிந்த கூட்டம் சென்னையில் வேறு கிடையாது.

ஒரு சனிக்கிழமை ஐந்தாம் நம்பர் காலி.
செவ்வாயும் காலி.
யாரும் கேட்கவில்லை. கேட்காமலிருப்பது
அந்த அறையின் மரியாதை.
வியாழன் அன்று வந்தார், மீசைக்கு மை போட்டு,
தங்கை மகள் கல்யாணத்துக்குக் கோயம்புத்தூர் போனாராம்.
"அங்கயும் மெஷின் இருக்கும்மா.
பேச்சுதான் சரியில்ல."
ஜெபராணி திரும்பி நின்று
டேப்பைக் கிழித்துக்கொண்டே இருந்தாள், தேவைக்கு மேல்.

இடது முழங்கைக்குக் கீழே
ஒரு வண்டு குடியிருக்கிறது எனக்கு.
ரத்தம் ஓடுகிற இரைச்சல். காதை வைத்தால் கேட்கும்.
அந்தக் கையில் வளையல் இல்லை, வாட்ச் இல்லை,
பிரஷர் பார்க்க விடமாட்டேன், பை தூக்காது.
என் உடம்பிலேயே
செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனது அது ஒன்றுதான்.
வளைகாப்பு வீட்டில் பெரியம்மா
"ஒரு கை மூளியா இருக்கே" என்றாள்.
"தொட்டுப் பாருங்க" என்று நீட்டினேன்.
தொட்டவள் கையை எடுக்கவில்லை.

கேஸ் மூடியாச்சா, கதவுத் தாழ்ப்பாள் போட்டாச்சா,
மூன்றாவதாகத் தணிகை
இரண்டு விரலை அங்கே வைத்துப் பார்ப்பான்.
ஓடுகிறதா, ஓடுகிறது.
திரும்பிப் படுத்தால் உடனே குறட்டை.
காதல் என்று நாங்கள் அதைச் சொல்வதில்லை.
செக்கிங் என்போம்.

ஞாயிற்றுக்கிழமை திருவான்மியூர் கடற்கரை.
எதிரில் இத்தனை தண்ணீர்,
ஒரு வாய் குடிக்க முடியாது
சுண்டல் விற்கிற பையனுக்கும்,
ஓடிக் களைத்த அந்தப் போலீஸ்காரருக்கும்,
எனக்கும்.
அதனால்தான் பிடித்திருக்கிறதோ என்னவோ.

படுக்கப் போகுமுன் பார்த்தேன்,
பாட்டிலில் அறுபது மில்லி மிச்சம்.
நாளைக்குச் சேர்த்துவைக்கச் சட்டத்தில் இடமில்லை.
விளக்கை அணைத்துவிட்டு
மெதுவாகக் குடிக்கிறேன்,
ஒரு ஏரியை வற்றவைக்கிறவள் போல,
அவசரமே இல்லாமல்.